மீள மீள வரும் சொல்: கையறுநிலைப் பாடலுக்கு நயம் எழுதுதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தமிழ்மொழியும் இலக்கியமும்
அலகு: செய்யுள் இரசனை

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்,

• கையறுநிலை என்னும் துறையை விளக்குவீர்கள்.
• ஒரு சொல் மீள மீள வருவதால் பாடலில் ஏற்படும் பயனை எடுத்துக் காட்டுவீர்கள்.
• சோகப் பாடல் ஒன்றுக்கு உங்கள் சொந்த வசனத்தில் நயம் எழுதுவீர்கள்.

1. அறிமுகம்



சோகப் பாடல் ஒன்றைத் தந்து நயம் எழுதச் சொன்னால், பத்துக் கொப்பிகளில் ஒன்பதில் ஒரே வசனத்தைக் காண்கிறேன். "இப்பாடலில் அவலச்சுவை ததும்பி நிற்கிறது." அடுத்த வசனம், "இது படிப்போர் கண்களில் கண்ணீரை வரவழைக்கிறது." அத்தோடு பேனை நின்றுவிடுகிறது.

இவ்விரு வசனங்களும் பிழையல்ல. ஆனால் எந்தச் சோகப் பாடலுக்கும் இவற்றை எழுதலாம். பாடலை வாசிக்காமலே எழுதலாம். பரீட்சகர் அறிய விரும்புவது வேறு. அவலம் எந்தச் சொல்லில் இருக்கிறது? எந்த இடத்தில் உங்கள் மனம் நின்றது? ஏன் நின்றது? இம்மூன்றுக்கும் விடை எழுதினால் அதுவே நயம்.

இதற்குப் பயிற்சியாகப் புறநானூற்றின் 235ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது இது. பாடலை நூலில் எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்பாடத்தை வாசியுங்கள். இதன் முற்பகுதியில் 'மன்னே' என்னும் சொல் ஏழு தடவை வருகிறது. ஏழு தடவையும் ஒரு கூற்றின் முடிவில் வருகிறது. நமது பாடம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதே.

2. பின்னணி

அதியமான் தகடூரை ஆண்ட குறுநில மன்னன். தகடூர் இன்று தமிழ்நாட்டின் தர்மபுரி ஆகும். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவன் போற்றப்படுகிறான். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன் அவனே (புறம் 91). தொண்டைமானிடம் ஔவை தூது சென்றதும் அவனுக்காகவே (புறம் 95). அவன் இறந்தபின் ஔவை பாடியவை 231, 232, 235ஆம் பாடல்களாகப் புறநானூற்றில் உள்ளன.

235ஆம் பாடலின் திணை பொதுவியல், துறை கையறுநிலை. 'கையறுதல்' என்றால் செய்வதறியாது செயலற்றுப் போதல். இறந்தவரை நினைந்து, பின்னே எஞ்சியிருப்பவர் புலம்புவது கையறுநிலை எனத் தொல்காப்பியம் கூறும். இறந்தவர் பெருமையை மட்டும் சொல்வது இத்துறையாகாது. எஞ்சியிருப்பவரின் நிலையும் அதில் இருக்க வேண்டும். நயம் எழுதும்போது இந்த இரண்டாவது பகுதியை மறந்துவிடாதீர்கள்.

புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சிற் பதிப்பித்தார். முதல் 266 பாடல்களுக்குப் பழைய உரை கிடைத்துள்ளது. எனவே நமது பாடலுக்கும் பழைய உரை உண்டு.

3. பாடலின் பொருள்

இதனை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதற் பகுதி – அவன் இருந்த காலம்:
(1) சிறிதளவு கள் கிடைத்தால் அதை எமக்கே தந்துவிடுவான்.
(2) நிறையக் கிடைத்தால் எமக்குத் தந்து, யாம் பாட, மகிழ்ந்து தானும் உண்பான்.
(3) சோறு கொஞ்சமாக இருந்தாலும் பல கலங்களோடு, பலரோடு கூடி உண்பான்.
(4) சோறு மிகுதியாக இருந்தாலும் அவ்வாறே பலரோடு உண்பான்.
(5) எலும்பும் தசையுமாக ஊன் உள்ள இடமெல்லாம் எமக்குத் தருவான்.
(6) அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தான் போய் நிற்பான்.
(7) நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் மணக்கும் என் தலையைத் தடவுவான்.

இந்த ஏழு கூற்றுகளின் முடிவிலுமே 'மன்னே' வருகிறது.

இரண்டாம் பகுதி – வேல்: அவன் மார்பிற் பாய்ந்த வேல் அங்கேயே நிற்கவில்லை. பாணரின் அகன்ற பாத்திரத்தைத் துளைத்தது. இரப்போர் கைகளிற் புகுந்தது. அவனால் காக்கப்பட்டோரின் கண்மணி ஒளி மங்கிற்று. கடைசியாக அந்த வேல் புலவர் நாவிலே போய் வீழ்ந்தது.

மூன்றாம் பகுதி – வினாவும் வெறுமையும்: எமக்குப் பற்றுக்கோடாக இருந்தவன் எங்கே உள்ளானோ? இனிப் பாடுவோரும் இல்லை. பாடுவோருக்குக் கொடுப்போரும் இல்லை.

நான்காம் பகுதி – உவமை: குளிர்ந்த நீர்த்துறையிலே தேனுள்ள பகன்றைப் பூ மலர்கிறது. அதை எவரும் சூடுவதில்லை. அதுபோலப் பிறருக்கு எதுவும் கொடுக்காமல் மடியும் உயிர்கள் மிகப் பல.

அருஞ்சொல் விளக்கம்
மண்டை – பாணர் ஏந்தும் உண்கலம் (தலை என்று எழுதிவிடாதீர்கள்)
புலவு – புலால்
புன்கண் – துன்பம்
ஆசு – பற்றுக்கோடு
வைகுதல் – இருத்தல்
தவ – மிக (உரிச்சொல்)

4. 'மன்' என்னும் இடைச்சொல்

முதலில் ஒரு பிழையைத் திருத்திக்கொள்வோம். 'மன்னே' என்றால் 'மன்னனே' என்று அழைப்பது எனப் பல மாணவர் எழுதுகின்றனர். அது தவறு. இங்கு வருவது 'மன்' என்னும் இடைச்சொல். அதனோடு 'ஏ' சேர்ந்து 'மன்னே' ஆயிற்று.

இடைச்சொல் தனித்து நின்று பொருள் தராது. வேறு சொல்லைச் சார்ந்தே பொருள் தரும். மன் என்பதற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருளைத் தொல்காப்பியம் கூறுகிறது. நன்னூல் ஆறு பொருளைக் கூறுகிறது. நமது பாடலில் வருவது கழிவுப் பொருள். கழிவு என்றால், இருந்த ஒன்று இல்லாமற் போய்விட்டது என்பது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதியவர்கள், 'மன்' கழிவுப் பொருளில் வருவதற்கு உதாரணமாக இப்பாடலின் முதலடியையே காட்டினர். இதைச் சிந்தித்துப் பாருங்கள். இலக்கணம் விளக்க வந்தவர்கள், 'இழந்தது' என்னும் பொருளுக்கு உதாரணம் தேடியபோது ஔவையின் குரலையே நினைத்திருக்கிறார்கள். அவர்களும் இப்பாடலின் வாசகர்களே. ஒரு பாடல் தம்மை எங்கே தொட்டது என்பதை அவர்கள் தமக்குரிய முறையிற் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து வினைச்சொற்களைக் கவனியுங்கள். ஈயும், நிற்கும் போன்றவை 'செய்யும்' என்னும் வாய்பாட்டு வினைமுற்றுகள். இவற்றில் இறந்தகாலம் காட்டும் உறுப்பு எதுவும் இல்லை. 'தந்தான்', 'நின்றான்' என்று ஔவை சொல்லவில்லை. 'தருவான்', 'நிற்பான்' என்ற போக்கிலேயே சொல்கிறார். அவர் மனம் இன்னும் அவனை இறந்தகாலத்தில் வைக்க மறுக்கிறது. வினைச்சொல் அவனை உயிரோடு காட்டுகிறது. உடனே 'மன்னே' வந்து 'அது போயிற்று' என்கிறது. அடுத்த கூற்றில் மீண்டும் அவன் உயிரோடு வருகிறான். மீண்டும் 'மன்னே' வருகிறது. இவ்வாறு ஏழு முறை அவனை நினைவிலே பெற்று, ஏழு முறை இழக்கிறார்.

இது பழந்தமிழுக்கு மட்டும் உரியதன்று. நமது ஊர் மரணவீடுகளிற் கேட்டிருப்பீர்கள். "விடிய எழும்பினதும் தேத்தண்ணி கேட்பியே ராசா", "சந்தைக்குப் போனா வெறுங்கையோட வரமாட்டியே" என்றுதான் அம்மம்மாமார் சொல்லி அழுவார்கள். 'கேட்டாய்' என்று சொல்வதில்லை, 'கேட்பியே' என்பார்கள். அந்தக் கடைசி ஏகாரம் என்ன சொல்கிறது? 'இனிக் கேட்கமாட்டாய்' என்று சொல்கிறது. மன் என்னும் இடைச்சொல் நமது பேச்சிலிருந்து போய்விட்டது. அது செய்த வேலையை இந்த ஏகாரம் இன்றும் செய்துகொண்டிருக்கிறது.

5. மீண்டும் கூறுவது குற்றமாகாதா?

இப்பாடலை வகுப்பிற் படிப்பித்த அன்று மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார். "ரீச்சர், நாங்கள் கட்டுரையில ஒரு சொல்லை மூன்று தரம் எழுதினா நீங்கள் சிவப்புப் பேனையால கோடு போடுறீங்கள். ஔவையார் ஏழு தரம் எழுதியிருக்கிறா. அதுக்குக் கோடு இல்லையா?"

வகுப்பு சிரித்தது. ஆனால் அது நல்ல கேள்வி. நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று என நன்னூல் சொல்வதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அவர் அதை வைத்தே கேட்டார்.

இதற்கு விடையும் இலக்கணத்திலேயே உண்டு. அடுக்குத்தொடரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகியவற்றின்போது ஒரு சொல் அடுக்கி வரலாம் என இலக்கணம் அனுமதிக்கிறது. "பாம்பு பாம்பு" என்று கத்துபவனை யாரும் கூறியது கூறினான் என்று குறை சொல்வதில்லை. (நமது பாடலில் இருப்பது அடுக்குத்தொடர் அல்ல; சொல் இடைவிட்டு வருகிறது. உணர்ச்சி மிகும்போது சொல் திரும்ப வரும் என்பதற்காகவே இதைக் கூறினேன்.)

இதைவிட முக்கியமான விடை ஒன்று உள்ளது. கூறியது கூறல் என்பது ஒரே பொருளை மறுபடி சொல்வது. ஔவை ஒரே சொல்லை மறுபடி சொல்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் இழந்த பொருள் வேறு. முதலில் இழந்தது கள், பிறகு சோறு, பிறகு ஊன், பிறகு போரில் முன்னே நின்ற காவல், கடைசியில் தலையைத் தடவிய கை. பொதுவான பொருளிலிருந்து மிக நெருக்கமான ஒன்றை நோக்கிப் பாடல் நகர்கிறது. சொல் ஒன்றாக இருப்பதனாலேயே இந்த நகர்வு நமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இனி ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முதல் ஆறு கூற்றுகளும் இணை இணையாக வருகின்றன. சிறிய கள் – பெரிய கள்; சிறு சோறு – பெருஞ் சோறு; ஊன் உள்ள இடம் – அம்பும் வேலும் நுழையும் இடம். ஏழாவது மட்டும் இணையில்லாமல் நிற்கிறது. ஆறு கூற்றுகளைக் கேட்டுப் பழகிய நமது காது எட்டாவதை எதிர்பார்க்கிறது. அந்த இடத்தில் எட்டாவது 'மன்னே' வரவில்லை. வேல்தான் வருகிறது.

அதன் பிறகு பாடல் முடியும்வரை 'மன்னே' இல்லை. வேல் பாய்ந்த பின்னர் 'தருவான்', 'நிற்பான்' என்று சொல்ல ஔவையால் முடியவில்லை. மீள மீள வந்த சொல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் மரணம் நிகழ்கிறது. மீள வரும் சொல் உள்ள எந்தப் பாடலிலும், அச்சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

மேலதிக தகவல்: ஆங்கிலத்தில் வில்லனெல் என்றொரு கவிதை வடிவம் உண்டு. அதில் 19 அடிகள் இருக்கும். அவற்றுள் இரண்டு அடிகள் நான்கு தடவை வீதம் திரும்பத் திரும்ப வரும். வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் (1914–1953) தம் தந்தை மரணத்தை நெருங்கிய வேளையில் அவருக்காக எழுதிய புகழ்பெற்ற கவிதை இந்த வடிவத்தில் அமைந்தது. துயரம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவது எல்லா மொழிகளிலும் உண்டு.

6. வாசகர் மனமும் பாடலும்

ஒரே பாடலை எல்லோரும் ஒரே மாதிரி உணர்வதில்லை. எமது வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து வரும் மாணவி ஒருவர் இவ்வாறு கூறினார். "ரீச்சர், எங்கட வீட்டில மௌத்து நடந்தா ஒப்பாரி வைக்கிறதில்லை. சத்தம் போட்டு அழக்கூடாது என்று சொல்லுவாங்க. அதால எனக்கு இது முதல்ல விளங்கல்ல. ஆனா எங்கட உம்மம்மா, மூத்தவாப்பாட கதிரையைக் காட்டி, 'இதிலதான் இருப்பார்' என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவா. ஒரு நாளும் 'இருந்தார்' என்று சொன்னதில்லை."

இலக்கணம் படிக்காத உம்மம்மா, 'செய்யும்' என்னும் முற்றின் போக்கிலேயே பேசியிருக்கிறார். ஒப்பாரி இல்லாத வீட்டிலும் மீள வரும் சொல் இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்த இலக்கணப் பகுதியை நான் மறுபடி விளக்க வேண்டியிருக்கவில்லை.

திருக்கடலூரைச் சேர்ந்த இன்னொரு மாணவி வாய் திறக்கவில்லை. கொப்பியில் மட்டும் எழுதியிருந்தார். "எனக்குப் பிடித்தது தலையைத் தடவும் இடம். அதியமானின் கை மணக்கிறது. ஔவையாரின் தலையில் புலால் மணம். எங்கள் வீட்டில் இது மாறி இருந்தது. அப்பா கடலால் வந்து தலையைத் தடவினால் அவர் கையில்தான் மீன் மணக்கும். தோய்ந்துவிட்டு நிற்கிறேன், தொடாதேங்கோ என்று ஏசுவேன். இப்போது அப்பா இல்லை."

இதை வாசித்தபோது சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டேன். பிறகு யோசித்தேன். பரீட்சையில் இவர் இப்படி எழுதலாமா? எழுதலாம். ஆனால் அங்கே நிறுத்தக்கூடாது. அடுத்த நாள் அவரிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன். "அந்த இரண்டு மணத்தையும் ஔவையார் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைச்சா?"

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார். "அவர் அரசன், அவ பாடித் திரியிறவ. ஆனாலும் அவர் அருவருக்கேல்லை. அவர் தந்த சோறு, ஊன் எல்லாம் வேற ஆரும் தரலாம் ரீச்சர். இதை ஆரும் தர ஏலாது. அதாலதான் கடைசியில வைச்சிருக்கிறா."

இதைவிடச் சிறந்த நயத்தை எந்த வழிகாட்டி நூலிலும் நான் வாசிக்கவில்லை. அவர் தன் அனுபவத்தின் வழியாகப் பாடலுக்குள் சென்றார். சென்றபின் பாடலின் சொற்களைப் பார்த்தார். உங்கள் சொந்த நினைவு பாடலுக்குள் நுழையும் வாசல். விடை பாடலுக்குள்ளேதான் இருக்கிறது. வாசலிலேயே நின்றால் அது உங்கள் கதையாகிவிடும். வாசல் இல்லாமல் உள்ளே போக முயன்றால் 'அவலச்சுவை ததும்புகிறது' என்பதோடு முடிந்துவிடும்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் 'அழுகை' என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின் வழியாகத் தோன்றும் எனக் கூறப்படுகிறது. இளிவு – பிறரால் இகழப்பட்டு எளியராதல். இழவு – உறவையும் பொருளையும் இழத்தல். அசைவு – முன்பிருந்த நல்ல நிலை கெடுதல். வறுமை – இல்லாமை. நமது பாடலில் இழவு, அசைவு, வறுமை ஆகிய மூன்றும் வெளிப்படையாக உள்ளன. 'அவலச்சுவை' என்று மட்டும் எழுதாமல், அது எதன் வழியாகப் பிறந்தது என்று எழுதுங்கள்.

7. ஒப்பீடு: பாரி மகளிர் பாடல்

புறநானூற்று 112ஆம் பாடலும் பொதுவியல் திணையில், கையறுநிலைத் துறையில் அமைந்தது. ஐந்தடிகளே உள்ள சிறிய பாடல். பறம்பு மலையை ஆண்ட பாரி இறந்தபின் அவன் புதல்வியர் பாடியது.

பொருள் இதுதான். அந்த மாதத்து வெண்ணிலவில் எமக்குத் தந்தை இருந்தார். எமது குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாதத்து வெண்ணிலவில், வெற்றி முரசு அறையும் வேந்தர் எமது குன்றைக் கொண்டுவிட்டனர். எமக்குத் தந்தையும் இல்லை.

இங்கே ஒரு சொல் மட்டுமன்றி, ஒரு வசன அமைப்பே மீள வருகிறது. நிலவு, தந்தை, குன்று ஆகிய மூன்றும் இரு தடவை வருகின்றன. மாறாதது எது? நிலவு. மாறியவை எவை? தந்தையும் குன்றும். இயற்கை அப்படியே இருக்கிறது, வாழ்க்கைதான் மாறிவிட்டது என்பதை விளக்கம் எதுவும் சொல்லாமல், மீள வரும் அமைப்பே காட்டிவிடுகிறது.

வரிசையையும் பாருங்கள். முதலிற் கூறும்போது தந்தை முன்னும் குன்று பின்னும் வருகின்றன. இரண்டாம் முறை குன்று முன்னே வந்து, தந்தை கடைசிக்குப் போகிறார். நாட்டை இழந்ததைச் சொல்ல முடிகிறது. தந்தையை இழந்ததைச் சொல்லத்தான் கடைசிவரை தயங்குகிறார்கள். அதைச் சொன்னதும் பாடல் முடிந்துவிடுகிறது.

திருகோணமலை மாவட்டத்தில் இதை விளக்குவதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் முகாம்களில் வாழ்ந்தன. அக்காலத்தைக் கண்ட பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முகாமிலும் அதே நிலவுதான். ஊரும், ஊரோடு போன ஆட்களும்தான் இல்லை.

8. மாதிரி விடைகள்

வினா: புறநானூறு 235ஆம் பாடலில் 'மன்னே' என்னும் சொல் மீள மீள வருவதால் ஏற்படும் நயத்தை விளக்குக.

விடை 1 (குறைந்த புள்ளி பெறத்தக்கது)

இப்பாடலில் மன்னே என்னும் சொல் ஏழு முறை வந்துள்ளது. இது பாடலுக்கு அழகைக் கொடுக்கிறது. ஓசை நயமும் பொருள் நயமும் உள்ளன. ஔவையாரின் துன்பம் இதில் நன்றாக வெளிப்படுகிறது. அவலச்சுவை ததும்பி நிற்கிறது. எனவே இது மிகச் சிறந்த பாடலாகும்.

குறை: எண்ணிக்கையைத் தவிர, பாடலிலிருந்து எடுத்த தகவல் ஒன்றும் இல்லை. 'அழகு', 'நன்றாக', 'மிகச் சிறந்த' என்பன மதிப்பீடுகள், சான்றுகள் அல்ல.

விடை 2 (கூடிய புள்ளி பெறத்தக்கது)

'மன்' என்பது இங்கே கழிவுப் பொருளில் வந்த இடைச்சொல். அதியமான் தந்த கள், சோறு, ஊன் ஆகியவற்றையும் போரில் அவன் முன்னின்றதையும் தலையைத் தடவிய அன்பையும் ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் 'அது போயிற்று' என ஔவையார் கலங்குகிறார். வினைச்சொற்கள் அவன் உயிரோடு இருப்பதுபோல் அமைய, 'மன்னே' என்னும் சொல் இழப்பை நினைவூட்டுகிறது. முதல் ஆறு கூற்றுகளும் இணையாக வர, ஏழாவது தனித்து நிற்கிறது. பிறர் தரக்கூடிய பொருள்களிலிருந்து பிறர் தரமுடியாத அன்பை நோக்கிப் பாடல் செல்வதை இது காட்டுகிறது. வேல் பாய்ந்ததைக் கூறியபின் 'மன்னே' வரவில்லை. அவ்விடத்தில் நினைவு முடிந்து உண்மை தொடங்குகிறது. பின்னர் 'இல்லை' என்பது இருமுறை வந்து எஞ்சியிருப்போரின் வறுமையை உணர்த்துகிறது. இவ்வாறு இழவும் வறுமையும் சேர்ந்து அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுகிறது.

நிறை: ஒவ்வொரு வசனத்துக்கும் பாடலில் ஆதாரம் உண்டு. இறந்தவன் பெருமை, எஞ்சியவர் நிலை ஆகிய இரண்டும் உள்ளன.

இவ்விடையை மனனம் செய்ய வேண்டாம். வேறு பாடல் வந்தால் இது உதவாது. இதை எழுதிய முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

9. நினைவிற் கொள்க

சோகப் பாடலில் ஒரு சொல்லோ அடியோ மீள வந்தால் ஐந்து வினாக்களை உங்களையே கேளுங்கள்.

(அ) மீள வருவது எது? அதன் பொருள் என்ன?
(ஆ) ஒவ்வொரு தடவையும் அதைச் சூழ மாறுவது எது?
(இ) மாற்றம் எந்தத் திசையில் போகிறது? (பொதுவிலிருந்து நெருக்கத்துக்கா, அன்றிலிருந்து இன்றுக்கா?)
(ஈ) அது எங்கே நிற்கிறது? நின்ற இடத்தில் என்ன வருகிறது?
(உ) என் மனம் நின்ற இடம் எது? அதற்குக் காரணமான சொல் எது?

கவனிக்க: பரீட்சை மண்டபத்தில் ஒரு பாடல் உங்களுக்கு உங்கள் வீட்டு இழப்பை நினைவூட்டலாம். அதற்காக வெட்கப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஒரு நிமிடம் பேனையை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, (உ) வினாவுக்கு முதலில் விடை எழுதுங்கள். மற்றவை தாமாக வரும்.

10. பயிற்சி

சுருக்கமான விடை தருக.
1. கையறுநிலை என்றால் என்ன?
2. 235ஆம் பாடலில் 'மன்' எப்பொருளில் வந்துள்ளது?
3. 'மண்டை', 'ஆசு' ஆகிய சொற்களின் பொருளைத் தருக.
4. அதியமான் மார்பிற் பாய்ந்த வேல் வேறு யாரையெல்லாம் தாக்கியதாக ஔவையார் கூறுகிறார்?

விளக்கமான விடை தருக.
5. பகன்றைப் பூ உவமை யாரைக் குறிக்கிறது? அவ்வுவமையால் அதியமானின் சிறப்பு எவ்வாறு உணர்த்தப்படுகிறது?
6. புறநானூறு 112, 235ஆம் பாடல்களில் மீள வரும் அமைப்புகளை ஒப்பிடுக.
7. "ஒரே சொல்லைப் பல தடவை கூறுவது கவிதைக்குக் குறையாகும்." இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? 235ஆம் பாடலை ஆதாரமாகக் கொண்டு உமது கருத்தை எழுதுக.

வீட்டு வேலை
8. உங்கள் வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவர், மறைந்த ஒருவரைப் பற்றிப் பேசுவதைப் பொறுமையாகக் கேளுங்கள். அவர் மீள மீளச் சொல்லும் சொல் எது, எந்தக் காலத்தில் வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று கவனித்து ஐந்து வசனங்கள் எழுதி வாருங்கள். அவர்முன் கொப்பியை விரிக்க வேண்டாம். கேட்டு முடித்த பின் வந்து எழுதுங்கள்.